சாக்கின் அடிவரை போகாத கை

முதல் தடவை என் உடம்பிலிருந்து பன்னிரண்டு துண்டு எடுத்தார்கள். பன்னிரண்டிலும் புற்றுநோய் இல்லை என்று வந்தது. அந்தச் சந்தோஷத்தில் முனியாண்டிக்கு ஒரு கிடா வெட்டினேன். நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கிடாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் அதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தோரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் பாதி நேரம் கொழுந்து மடுவத்தில், அதாவது பறித்த கொழுந்தை நிறுத்து வாங்குகிற கொட்டகையில் போகும். நிறுப்பதற்கு முன் சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பலகையில் பரப்பி, நல்ல கொழுந்து எவ்வளவு, முத்தல் இலை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேலாக அள்ளினால் எல்லாருடைய சாக்கிலும் இரண்டு இலையும் மொட்டுமாக அழகாகத்தான் இருக்கும். அவசரத்தில் பிடுங்கிய முத்தலெல்லாம் அடியில் கிடக்கும். ஆகவே நான் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளுவேன். பெண்கள் எனக்கு ‘முழங்கை’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

என் மனைவி பார்வதியும் அந்த மடுவத்துக்குக் கொழுந்து கொண்டுவந்தவள்தான். அடிச்சாக்கில் முத்தல் வைத்து என்னிடம் பிடிபட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் என்னோடு சண்டை பிடித்தவள். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அறுபத்தாறு வயதில் எனக்கு மூத்திரம் போவதில் சிரமம் வந்தது. நிற்க வேண்டும், காத்திருக்க வேண்டும், முடிந்தது என்று நினைத்துத் திரும்பினால் முடிந்திருக்காது. வீட்டில் மனைவி, பண்டாரவளையில் ஆசிரியையாக இருக்கும் மகள் வசந்தி, இரண்டு பேத்திகள். இவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? சர்க்கரையாக இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். வசந்திதான் நம்பாமல் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இரத்தம் எடுத்தார்கள். பி.எஸ்.ஏ. என்கிற சோதனை.

எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக்குழாயைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. புரோஸ்டேட் என்பார்கள். வயதாக ஆக அது பலருக்குச் சும்மாவே பெரிதாகும். சிலருக்கு அதில் புற்றுநோய் வரும். இரண்டிலும் பி.எஸ்.ஏ. கூடலாம். ஆகவே இரத்தத்தை வைத்து மட்டும் இதுதான் என்று சொல்ல முடியாது. சதையைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதுதான் பயாப்ஸி.

அந்த முதல் பயாப்ஸியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் இந்த நிலைக்கு வந்தேன், ஆகவே எழுதுகிறேன். இடது பக்கம் சரிந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். பின்வாசல் வழியாக ஒரு கருவியை விட்டார்கள். அது அல்ட்ராசவுண்ட் கருவி. ஒலியை வைத்துச் சுரப்பியின் உருவத்தைத் திரையில் காட்டும். அந்தக் கருவியோடு ஒட்டியே ஊசி போகும். மரத்துப்போக மருந்து போட்டிருந்தார்கள், ஆகவே வலி என்று பெரிதாக இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், உடம்பு தானாக ஒரு தடவை தூக்கிப்போடும். நான் எண்ணினேன். பன்னிரண்டு.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. குளிர் நடுக்கம் கட்டிலையே ஆட்டியது. அந்தப் பாதையில் ஊசி போவதால் அங்கிருக்கிற கிருமி சிலருக்கு இரத்தத்தில் ஏறிவிடும் என்றும், காய்ச்சல் கண்டால் உடனே வர வேண்டும் என்றும் தாதி முன்பே சொல்லியிருந்தாள். வாட்டில் நாலு நாள் வைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். பார்வதி காலை பஸ்ஸில் கஞ்சியும் ரொட்டியும் கொண்டு வருவாள். பார்வையாளர் நேரம் முடிந்து வெளியே போகச் சொன்னால், கட்டடத்துக்கு வெளியே மதில் ஓரம் உட்கார்ந்து அடுத்த நேரம் வரை காத்திருப்பாள். அந்த நாலு நாளில்தான் வேண்டிக்கொண்டேன். சோதனை சுத்தமாக வந்தால் பத்தாம் நம்பர் மலையில் இருக்கிற முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிறேன் என்று.

சோதனை சுத்தமாக வந்தது.

சோதனைத் தாளோடு டொக்டர் ஒரு துண்டுக் காகிதமும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் திரும்ப இரத்தம் பார்க்க வேண்டும், பி.எஸ்.ஏ. குறையாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நான் ஆங்கிலம் வாசிப்பேன். எல்லாம் விளங்கியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்வதியிடம் சொன்னேன். அவள் கும்பிட்டாள். அடுப்பில் தண்ணீர் வைத்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள்.

“எத்தன துண்டு எடுத்தாங்க?”

“பன்னெண்டு.”

“எங்க எடுத்தாங்க? மேலாப்புலயா, அடியிலயா?”

“என்ன கேள்வி இது?”

“இல்லங்க, பன்னெண்டு பிடி அள்ளிப் பாத்திருக்காங்க. சாக்கு அடி வரைக்கும் கை போச்சானு கேட்டீங்களா?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரர்களும் விசாரிக்க வந்து வாசலில் நின்றார்கள். அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னேன்.

“நீ கொழுந்து எடுக்கிறவ. ஒனக்கு என்ன தெரியும்? டொக்டருக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சோ?”

அவள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் கிடா வெட்டினோம். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பாதிப் பேர் மலைக்கு வந்திருந்தார்கள். பூசாரி ராமையா என் பெயரைச் சொல்லி, சாமி இவன் உடம்பில் இருந்ததைத் துடைத்துவிட்டது என்று அருள் வந்து சொன்னார். எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் பரிமாறினேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாள் என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான்.

இனி நான் எப்படி இரத்தம் பார்க்கப் போவேன்? எங்கள் ஆட்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வேண்டுதல் கேட்டாயிற்று, சாமி கொடுத்தாயிற்று, கிடாவும் வெட்டியாயிற்று. அதற்குப் பிறகு பதுளை பஸ்ஸில் ஏறினால், ‘என்ன கணக்கப்பிள்ள, சாமி பொய் சொல்லிருச்சா?’ என்று நேரில் யாரும் கேட்காவிட்டாலும் முதுகுக்குப் பின்னால் கேட்பார்கள். ராமையாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? அதைவிட, முனியாண்டியைச் சந்தேகப்பட்டவன் என்று அந்தச் சாமியே என்னைப் பிடித்தால்? இப்படியெல்லாம் நினைத்தேன். இன்று எழுதும்போது இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிகிறது. அன்று பக்தி மாதிரி இருந்தது.

சாமியின் மேல் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. சாமியா பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று சொன்னது?

மூன்று மாதம் கழித்து பார்வதி ஒரு தடவை ஞாபகப்படுத்தினாள். நான் முறைத்தேன். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. அந்தத் துண்டு எங்கே போனது என்றும் எனக்குத் தெரியாது. சட்டையைத் துவைத்தபோது போயிருக்கும் என்று நினைத்து, உண்மையில் நிம்மதிப்பட்டேன்.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு காலையில் மூத்திரம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. அந்த வலியை என் விரோதிக்குக்கூட விரும்ப மாட்டேன். த்ரீவீலில் பதுளைக்குப் போகும் வழியில் வளைவுக்கு வளைவு கத்தினேன். ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு எடுத்துவிட்ட பிறகுதான் மனிதனானேன்.

இப்போது இருந்த டொக்டர் புதியவர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகளைவிட வயது குறைவாக இருக்கும்.

“ஐயா, இதுக்கு முன்னம் எங்கயும் காட்டினனீங்களோ?” என்று கேட்டார்.

“காட்டினேங்க. பயாப்ஸி எடுத்தாங்க. எல்லாம் சுத்தம்னு சொல்லிப்புட்டாங்க.”

“பிறகு வரச் சொல்லேல்லையோ?”

“அப்படி ஒன்னும் ஞாபகம் இல்லீங்க.”

பார்வதி தன் பையைத் திறந்தாள். ஒரு பொலித்தீன் உறையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து டொக்டர் மேசையில் வைத்தாள். நாலாக மடித்திருந்தது. ஒரு மூலையில் குங்குமம் பட்டிருந்தது. அவள் அதை எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்திருக்கிறாள். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படம் துடைக்கும்போது அதை எடுத்து, துடைத்து, திரும்பவும் அங்கேயே வைத்திருக்கிறாள்.

டொக்டர் வாசித்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் உடனே எம்.ஆர்.ஐ.க்கு எழுதினார்.

எம்.ஆர்.ஐ. என்பது ஒரு பெரிய குழாய்க்குள் படுக்க வைத்து காந்தத்தால் எடுக்கும் படம். உள்ளே தகரத்தில் யாரோ விடாமல் அடிப்பது போல் சத்தம் வரும். அரை மணிக்கு மேல் அசையாமல் படுத்திருந்தேன். கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள், அது போகும்போது உடம்பு குளிர்ந்தது. வேறொன்றும் இல்லை. இதற்குத்தானா ஒன்றரை வருடம் பயந்தேன் என்று நினைத்தபோது எனக்கே என்மேல் ஆத்திரம் வந்தது.

படத்தைத் திரையில் போட்டு டொக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினார். வசந்தி பின்னால் நின்றாள். சுரப்பியின் முன்பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு.

“ஐயா, முதல் தரம் செய்ததிலை பிழை ஒண்டும் இல்லை,” என்றார். “அல்ட்ராசவுண்ட் சுரப்பியின்ரை உருவத்தைக் காட்டும். ஆனா அதுக்குள்ளை கட்டி எங்கை கிடக்கு எண்டு அநேகமா தெளிவாக் காட்டாது. அதாலை எல்லா இடமும் பரவலா பன்னிரண்டு எடுக்கிறது. ஊசி பின்பக்கத்தாலை போறதாலை முன்பக்கத்திலை ஒளிச்சிருக்கிறது சில நேரம் தவறிப்போகும். அதுக்காகத்தான் திரும்ப வாங்கோ எண்டு எழுதினவை.”

நான் பார்வதியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ‘அடி வரைக்கும் கை போச்சானு கேட்டீங்களா’ என்று அடுப்படியில் கேட்ட குரல்தான் காதில் இருந்தது. முழங்கை என்று பெயர் வாங்கியவன் நான். மேலாக அள்ளிய ஒரு பிடியை முப்பத்தோரு வருடம் நம்பாதவன், என் சொந்த உடம்புக்கு மட்டும் நம்பினேன்.

“இப்ப என்ன செய்யுறது தம்பி?” என்று பார்வதிதான் கேட்டாள்.

“இப்ப இடம் தெரியும் அம்மா. அந்த இடத்தைக் குறிவைச்சு எடுக்கலாம். அதுக்கு மூண்டு வழி இருக்கு.”

அவர் சொன்ன மூன்று வழியையும் வசந்தி ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டாள். அதிலிருந்து சொல்கிறேன். ஒன்று, டொக்டர் எம்.ஆர்.ஐ. படத்தை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, பழைய அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடியே அந்த இடத்துக்கு ஊசியைக் கொண்டுபோவது. பெரிய கருவி தேவையில்லை, ஆனால் செய்கிறவரின் கைப்பழக்கம் முக்கியம். இரண்டாவது, ஒரு கம்பியூட்டர் எம்.ஆர்.ஐ. படத்தையும் அல்ட்ராசவுண்ட் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டுவது. டொக்டர் திரையில் அந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டே குத்தலாம். மூன்றாவது, எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ளேயே படுக்க வைத்து எடுப்பது. அதற்கு நேரம் கூட, செய்கிற இடங்கள் குறைவு.

“எது தம்பி நல்லது?”

“நல்ல கை எண்டா முதல் ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா ஐயாக்கு முன்பக்கத்திலை, சின்னனாக் கிடக்கு. படம் பொருத்திற முறையிலை செய்தா எனக்கு நிம்மதி. கொழும்பிலை செய்யலாம். இன்னொண்டு, இந்த முறை பின்வாசலாலை வேண்டாம். விதைக்கும் பின்வாசலுக்கும் இடையிலை இருக்கிற தோலாலை ஊசி போகட்டும். முன்பக்கம் லேசா எட்டும், முந்தி வந்த மாதிரிக் காய்ச்சல் வாற பயமும் குறைவு.”

“அந்த எடத்துல மட்டும் எடுத்தாப் போதுமா?” என்று அவள் விடாமல் கேட்டாள்.

டொக்டர் சிரித்தார். “இல்லை அம்மா. எம்.ஆர்.ஐ.யும் சிலதைக் காணாமல் விடும். குறிவைச்சும் எடுப்பினம், பரவலாகவும் எடுப்பினம். நீங்கள் நல்ல கேள்வி கேக்கிறீங்கள். டீச்சரோ?”

“இல்லங்க,” என்றாள் பார்வதி. “கொழுந்து எடுத்தேன்.”

கொழும்பில் மயக்க மருந்து கொடுத்துச் செய்தார்கள், ஆகவே ‘டக்’ சத்தம் எதுவும் கேட்கவில்லை. விழித்தபோது தொடைகளுக்கு நடுவில் ஒரு பாரம், மூத்திரத்தில் சில நாள் இரத்தம். காய்ச்சல் வரவில்லை. செலவை வசந்தி பார்த்துக்கொண்டாள். எவ்வளவு என்று நான் கேட்டதற்குப் பேச்சை மாற்றினாள். அவள் காதில் தோடு இல்லாததை நான் கண்டும் காணாதவன் போல் இருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து முடிவு வந்தது. குறிவைத்து எடுத்த துண்டுகளில் புற்றுநோய் இருந்தது. பரவலாக எடுத்ததில் ஒன்றே ஒன்றில் கொஞ்சம். மற்றதெல்லாம் சுத்தம். திரும்பவும் பழைய முறையில் மட்டும் எடுத்திருந்தால் இன்னொரு கிடா வெட்டியிருப்பேனோ என்னவோ.

எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். அது இல்லை என்று வந்த அன்று வசந்தி ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆனால் நோய் சுரப்பியின் உறையைத் தாண்டி வெளியே கொஞ்சம் வந்துவிட்டது. சுரப்பியை வெட்டி எடுப்பது இனி எனக்குச் சரியான வழி இல்லை, ஊசியும் கதிர் சிகிச்சையும்தான் என்றார்கள்.

மகளையும் மனைவியையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டொக்டரிடம் கேட்டேன்.

“அந்த மூனு மாசத்துல வந்திருந்தா?”

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

“அதை உறுதியா ஒருத்தராலையும் சொல்ல ஏலாது ஐயா. ஆனா உறைக்கு உள்ளை இருக்கேக்கை பிடிச்சிருக்கலாம் எண்டுதான் நினைக்கிறன். இப்பவும் வைத்தியம் இருக்கு. கனகாலம் இருக்கலாம். அப்ப எண்டா, நோய் முடிஞ்சுது எண்டு சொல்லி வீட்டை அனுப்பியிருக்கலாம்.”

உண்மையைச் சொன்னதற்கு அவருக்கு நன்றி சொன்னேன். வெளியே வந்து பார்வதியிடம், எல்லாம் சரியாகும் என்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

கதிர் சிகிச்சை ஏழு கிழமை. வாரத்தில் ஐந்து நாள். அசையாமல் படுத்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும், போய்வருவதுதான் நாள் முழுக்க. காத்திருக்கும் இடத்தில் என் வயதுக்காரர்கள் பலர். சிங்களவர், முஸ்லிம்கள், நாங்கள். எல்லார் கையிலும் தண்ணீர்ப் போத்தல், மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால். முதல் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாம் கிழமை, யாருக்கு எத்தனை தடவை எழும்ப வேண்டியிருந்தது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மழைக் கதை பேசுவது போலப் பேசிக்கொண்டோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. ஆண்மைச் சுரப்பை அடக்குகிற ஊசி அது, நோய்க்கு அதுதான் தீனியாம். அதைப் போட்ட பிறகு திடீர் திடீரென்று உடம்பு வெந்து வியர்க்கும். எங்கள் மலைக் குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பார்வதி பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டே சொன்னாள், “எனக்கு அம்பது வயசுல வந்தது ஒங்களுக்கு இப்ப வந்திருக்கு. அன்னைக்கு என்னா சொன்னீங்க? சும்மா நடிக்காதனு சொன்னீங்க.” இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சொன்னேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன்.

கடைசியாக எடுத்த இரத்தத்தில் பி.எஸ்.ஏ. நன்றாக இறங்கியிருந்தது. இது சுகம் என்று யாரும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். ராமையா கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். சாமிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பார்வதிதான் பேசினாள்.

“சூடம் கொளுத்துங்க பூசாரி, அது போதும். இவரு கிளினிக்குக்குப் போகட்டும்.”

அவர் போன பிறகு வெகுநேரம் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

“அந்தத் துண்டை ஒன்றர வருசம் வச்சிருந்தியே. ஏன் எங்கூட சண்ட போட்டுக் கூட்டிக்கிட்டுப் போகல? மடுவத்துல அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி சண்ட போட்டவதான நீ?”

அவள் ராமையா குடித்த கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“நான் கொழுந்து எடுக்கிறவதானங்க. எனக்கு என்ன தெரியும்?”

கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் இருந்து அடுத்த ஊசிக்கான துண்டை எடுத்து, தேதியைச் சரியாக வாசிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். கண் கலங்கியதால் எனக்கு எழுத்துத் தெரியவில்லை.